மாதம் முந்நூறு, ஐந்து வருஷம்: மலைக் கல்லூரி மாணவருக்கு போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஒத்துவருமா?

பி.காம். படிக்க மூன்று வருஷம். மாதாமாதம் ஒரே தொகை கட்டிச் சேர்க்கும் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. (ரெக்கரிங் டெபாசிட்) முதிர ஐந்து வருஷம். ஊட்டி, குன்னூர், கூடலூர் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டத்தைச் சொல்பவர்கள் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். பெரும்பாலும் சொல்வதில்லை. "மாசம் நூறு ரூபா போட்டா போதும், கவர்மென்ட் கணக்கு, பயமே இல்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். டிகிரி முடித்து, டி.சி. வாங்கிய கையோடு கணக்கையும் முடிக்கப் போனால்தான் 6.7 சதவீதம் 4 சதவீதமாகச் சுருங்கும் விஷயம் தெரியவரும்.

இந்தக் குறையையும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்தாலும், மலையில் படிக்கும் மாணவருக்கு இது வைத்திருக்கத் தக்க கணக்குதான். எந்தத் தேதியில், எவ்வளவு ரூபாயில் தொடங்குகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

முதலில் கணக்கின் எலும்புக்கூடு. குறைந்தது மாதம் 100 ரூபாய். அதற்கு மேல் 10-இன் மடங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். மொத்தம் 60 தவணை. 2023 அக்டோபர் 1-ஆம் தேதி வட்டி 6.7 சதவீதமாக உயர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். சிறுசேமிப்பு வட்டியை மத்திய அரசு காலாண்டுதோறும் அறிவிக்கிறது. அதனால் திறக்கும் நாளில் என்ன வட்டி என்று கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அன்றைக்கு இருக்கும் வட்டி ஐந்து வருஷத்துக்கும் மாறாது. இடையில் அரசு குறைத்தாலும் உங்களுக்குக் குறையாது, கூட்டினாலும் கூடாது.

மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்தில் கட்டுவது 18,000. 6.7 சதவீதத்தில் கையில் வருவது ஏறக்குறைய 21,410. இதைக் கேட்டதும் வணிகவியல் மாணவரே முகம் சுளிப்பார். "6.7-ஐ அஞ்சால பெருக்கினா 33.5. 18,000-க்கு 6,000 ரூபா வட்டி வரணுமே, 3,410 தானே வருது?" என்பார். மனக்கணக்கு சரி, கணக்கு தப்பு. முதல் தவணை 300 ரூபாய்தான் அறுபது மாதமும் உள்ளே கிடக்கிறது. கடைசித் தவணை கிடப்பது ஒரே மாதம். சராசரி பார்த்தால் ஒவ்வொரு ரூபாயும் முப்பது மாதம்தான் வேலை செய்கிறது. அதனால்தான் வட்டி பாதிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நிதிக் கல்வி என்று மேடை போட்டு ஒரு மணி நேரம் பேசுவதைவிட, இந்த ஒரு கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தால் ஏறும் அறிவு அதிகம். பிற்பாடு எந்த ஏஜென்ட் வந்து "மாசம் இவ்வளவு கட்டுங்க, இத்தனை சதவீதம்" என்றாலும், பணம் எத்தனை மாதம் உள்ளே இருக்கும் என்ற கேள்வி தானாக வாயில் வந்துவிடும்.

இனி அந்த மூன்று வருஷப் பிரச்சினை. கணக்குத் தொடங்கி மூன்று வருஷம் ஆகாமல் முடிக்கவே முடியாது. மூன்று வருஷம் கழித்து முடிக்கலாம். ஆனால் முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் முடித்தாலும் மொத்தக் காலத்துக்கும் சேமிப்புக் கணக்கு வட்டிதான், அதாவது 4 சதவீதம். மாதம் 300 வீதம் 36 மாதம் கட்டிய 10,800 ரூபாய்க்கு வட்டி சுமார் 670 ரூபாய் வரும். நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்காக ஒருவர் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

ஆகவே, முதலாமாண்டில் சேரும்போது ஆசைப்பட்டு மாதம் ஆயிரம் போடுவது தவறு. 200, 300 என்று சின்னதாகப் போடுங்கள். டிகிரி முடிந்து கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வேலைக்குப் போனால், முதல் சம்பளத்தில் இந்தத் தொகை தெரியவே தெரியாது. மீதி இருபத்து நான்கு தவணையும் வலிக்காமல் போய்விடும். கணக்கை ஊட்டியிலிருந்து அங்கே மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமலே விட்டாலும் கோர் பேங்கிங் (கம்ப்யூட்டரில் ஒன்றாக இணைந்த கணக்கு) வசதியுள்ள எந்த போஸ்ட் ஆபீஸிலும் தவணை கட்டலாம். முதுகலையும் அதே ஊரில் படிக்கப் போகிறவருக்கு மூன்றும் இரண்டும் ஐந்து. அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தும்.

மூன்றே வருஷத்தில் பணம் கையில் வேண்டும் என்பவருக்கு வங்கி ஆர்.டி. மேல். 12 மாதம், 24 மாதம் என்று நாமே காலத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு வழுக்கல் உண்டு. வங்கி ஆப்பில் இரண்டு தட்டு தட்டினால் ஆர்.டி. உடைந்து சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும். வகுப்பில் நாலு பேர் சேர்ந்து வயநாடு போகலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் அந்த ஆர்.டி. அன்றைக்கே காலி. போஸ்ட் ஆபீஸில் அது நடக்காது. நடக்காது என்பதற்காகத்தான் இதற்கு இவ்வளவு மதிப்பெண்.

மலை மாணவர்களின் பணம் எப்படிக் கரைகிறது என்று பார்த்தால் பெரிய செலவில் அல்ல. ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் டீ, வர்க்கி, சாயங்காலக் குளிருக்கு ஒரு தட்டு பஜ்ஜி, எல்லாம் ஸ்கேன் செய்து போவது. இருபது, முப்பது என்று போவதால் நோட்டு மாற்றும் வலிகூட இல்லை. அதோடு போன் ரீசார்ஜ். 28 நாள் பிளான் என்பது மாதப் பிளான் அல்ல. வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை கட்ட வேண்டும். அந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜ் யார் பட்ஜெட்டிலும் இருப்பதில்லை. கிட்டத்தட்ட ஒரு மாத ஆர்.டி. தவணை அதிலேயே போய்விடுகிறது.

வரவுப் பக்கம் சில வருஷமாகக் கொஞ்சம் தெம்பு உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் நேராகக் கணக்கில் விழுகிறது. அந்த ஆயிரத்தில் முந்நூறை ஆர்.டி.க்கு ஒதுக்குவது நடக்கக்கூடிய காரியம்.

இங்கேதான் தேதி விஷயம் வருகிறது. மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கினால், பிறகு ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-ஆம் தேதியோ அதற்குப் பின்போ தொடங்கினால், மாதத்தின் கடைசி வேலைநாள் வரை நேரம் உண்டு. பணம் மாத முதல் வாரத்தில் வரும் வீடு என்றால் முதல் வகை சரி. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து இலைப் பணம் மாதத்தின் நடுவில் வந்து சேரும் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளை என்றால் 16-க்குப் பிறகு தொடங்குவதுதான் புத்தி. உதவித்தொகை எந்தத் தேதியில் வருகிறது என்று மூன்று மாதம் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்த ஒரு முடிவைத் தவறாக எடுத்தவர்கள்தான் அபராதம் கட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அபராதம் என்னவோ சின்னதுதான். ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய். முந்நூறு ரூபாய்க் கணக்கில் மூன்று ரூபாய். இரண்டு மாதம் விட்டுச் சேர்த்துக் கட்டினால் முதல் தவணைக்கு ஆறு, இரண்டாவதற்கு மூன்று, ஆக ஒன்பது. காசு பெரிதல்ல, எண்ணிக்கைதான் ஆபத்து. நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுபோகும். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பாக்கியும் அபராதமும் கட்டி உயிர் கொடுக்கலாம். அதையும் விட்டால் அந்தக் கணக்கில் இனிமேல் பணம் போட முடியாது. ஜூலை, ஆகஸ்டில் கூடலூர், பந்தலூர் பக்கம் மழை பிடித்துக்கொண்டு ரோடு போனாலும், ஐப்பசி மழையில் குன்னூர், கோத்தகிரிப் பாதையில் மண் சரிந்தாலும், தேதி உங்களுக்காக நிற்காது. அதனால் 15-ஆம் தேதிக்காரர் 5-க்குள் கட்டிவிடுவது, மாதக் கடைசிக்காரர் 20-க்குள் கட்டிவிடுவது என்று பத்து நாள் இடம் விட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மழை பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து முன்பணம். இந்தத் திட்டத்தில் யாரும் அதிகம் கண்டுகொள்ளாத, ஆனால் மலை ஊருக்கென்றே செய்தது போன்ற வசதி இது. ஆறு தவணை அல்லது அதற்கு மேல் ஒரே நேரத்தில் முன்கூட்டிக் கட்டினால் கழிவு தருகிறார்கள். நூறு ரூபாய்த் தவணைக்கு ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் 10 ரூபாய், பன்னிரண்டு மாதம் சேர்த்துக் கட்டினால் 40 ரூபாய். முந்நூறு ரூபாய்க் கணக்கில் ஒரு வருஷத்துத் தொகை 3,600. கழிவு 120 போக 3,480 கட்டினால் போதும். ஆறு ஆறாக இரண்டு தடவை கட்டினால் முப்பதும் முப்பதும் அறுபதுதான் கிடைக்கும். முடிந்தால் பன்னிரண்டாகவே கட்டுங்கள்.

ஏப்ரல், மே சீசனில் ஊட்டியில் சாக்லேட் கடை, காட்டேஜ், ஓட்டல் என்று எங்கே பார்த்தாலும் ஆள் தேவை. கொடைக்கானலிலும் அதே கதைதான். செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு நாலு வாரம் வேலைக்குப் போகும் மாணவர் கையில், வருஷத்தில் ஒரே ஒரு முறை, மொத்தமாகப் பணம் வந்து நிற்கும். அது ஜூன் முதல் வாரத்துக்குள் புது போனாக மாறிவிடுவதைத்தான் வழக்கமாகப் பார்க்கலாம். அந்தப் பணத்தில் 3,480-ஐ எடுத்து அடுத்த மே வரைக்கும் ஆர்.டி.யை அடைத்துவிட்டால், பிறகு மழையும் தேதியும் அபராதமும் யாருடைய கவலையோ. செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனில் சம்பாதிப்பவர் ஆறு மாதத் தொகையாவது கட்டலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: எந்த மாதம் வரை முன்பணம் கட்டியிருக்கிறீர்களோ அந்த மாதம் தாண்டும் வரை கணக்கை முடிக்க முடியாது. மூன்றாம் வருஷக் கடைசியில் கணக்கை முடிக்கும் எண்ணம் இருந்தால் அந்த சீசனில் முன்பணம் வேண்டாம்.

அடுத்து கடன். பன்னிரண்டு தவணை கட்டி, கணக்குக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தால், உள்ளே இருக்கும் தொகையில் பாதி வரை கடனாக எடுக்கலாம். வட்டி, ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம், 6.7 என்றால் 8.7. மாதம் 500 கட்டி இரண்டு வருஷம் ஆனவர் கணக்கில் 12,000-க்கு மேல் இருக்கும், 6,000 எடுக்கலாம். ஆறு மாதம் வைத்திருந்து மொத்தமாகத் திருப்பினால் வட்டி 261 ரூபாய். பரீட்சைக் கட்டணத்துக்கு நாள் நெருங்கும்போது மாணவர்கள் விழும் குழி கடன் ஆப்தான். அதன் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 5,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி, பிராசஸிங் என்று 750 பிடித்துக்கொண்டு 4,250 தந்து, பதினைந்தாம் நாள் 5,000 கேட்கும் ஆப் ஒன்று என்றால், பதினைந்து நாளுக்கே பதினேழரை சதவீதத்துக்கு மேல். வருஷக் கணக்கில் 400-ஐத் தாண்டும். சொந்தப் பணத்தை ஈடாக வைத்து 8.7-க்கு எடுப்பவருக்கு போனில் மிரட்டல் வராது, காண்டாக்ட் லிஸ்ட்டில் இருக்கும் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் மெசேஜ் போகாது. ஆர்.டி.யின் உண்மையான மதிப்பு முதிர்வுத் தொகையைவிட இந்தக் கதவில்தான் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

திறக்கும் வேலை ஒரு காலைப் பொழுது. ஆதார், பான், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அசலும் நகலும் எடுத்துப் போங்கள். திறப்புப் படிவத்தோடு முதல் தவணைக்கு எஸ்.பி. 103 ஸ்லிப் நிரப்ப வேண்டும். நாமினி பெயரை அப்போதே எழுதிவிடுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்ட நாமினி கட்டம் அப்படியே கிடக்கும். ஆதாரில் இன்ஷியல் ஒரு மாதிரி, பானில் வேறு மாதிரி இருந்தால் அங்கேயே நிற்கும். பள்ளிச் சான்றிதழில் ஊர்ப்பெயரோடு, ஆதாரில் அப்பா பெயரோடு இருக்கும் பிள்ளைகள் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் போவது நல்லது. கிராமத்துக் கிளை அஞ்சலகத்திலும் ஆர்.டி. திறக்கலாம், ஆனால் அங்கே நாளுக்குச் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், கல்லூரி பஸ் போன பிறகு திறந்து, பஸ் திரும்புவதற்குள் மூடிவிடும். மாணவருக்கு டவுன் ஆபீஸே வசதி.

மாதாமாதம் கவுன்டரில் நிற்க முடியாதவருக்கு இரண்டு வழி. ஒன்று ஏஜென்ட். வீட்டுக்கோ கடைக்கோ வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுக்குக் கமிஷன் அரசு தருகிறது, நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. பணம் கொடுக்கும்போதெல்லாம் அவர் தரும் அட்டையில் பதிவும் கையெழுத்தும் வாங்குங்கள். அட்டை மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கில் பிரின்ட் போட்டு, அட்டையில் இருப்பது அதில் ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தெரிந்த அக்காதானே என்று விடுவதில்தான் தகராறு முளைக்கும்.

இன்னொரு வழி, 2018 செப்டம்பரில் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க். சுருக்கமாக ஐ.பி.பி.பி. இதுவும் போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கும் ஒன்றல்ல. இரண்டு தனித்தனிக் கணக்கு. பழைய சேமிப்புக் கணக்கில் 4 சதவீதம் வட்டி, ஆனால் 500 ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும், இல்லையேல் நிதியாண்டு முடிவில் 50 ரூபாய் பிடிப்பார்கள். ஐ.பி.பி.பி.யில் குறைந்தபட்ச இருப்பு வேண்டியதில்லை, யு.பி.ஐ. உண்டு, வட்டி குறைவு. ஆர்.டி. தவணையை இதிலிருந்து போனிலேயே கட்டுவது இப்படி: ஐ.பி.பி.பி. ஆப்பில் போஸ்ட் ஆபீஸ் சேவைகள் பகுதிக்குப் போய், ரெக்கரிங் டெபாசிட்டைத் தேர்ந்தெடுத்து, ஆர்.டி. கணக்கு எண்ணையும் பாஸ்புக்கில் உள்ள சி.ஐ.எஃப். எனும் வாடிக்கையாளர் எண்ணையும் கொடுத்து, எத்தனை தவணை என்று சொல்லிக் கட்ட வேண்டும். ஆதார் ஓ.டி.பி. போட்டு போனிலேயே திறந்த ஐ.பி.பி.பி. கணக்கு என்றால் பன்னிரண்டு மாதத்துக்குள் போஸ்ட் ஆபீஸில் கைரேகை வைத்து முழு கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) செய்துவிடுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்தவர் பலர். அரசு உதவித்தொகை ஆதார் வழியாக அனுப்பப்படும்போது, ஆதாரோடு கடைசியாக இணைந்த ஒரே ஒரு கணக்குக்குத்தான் போகும். ஐ.பி.பி.பி. கணக்கு திறக்கும்போது மானியம், உதவித்தொகை இந்தக் கணக்குக்கு வரட்டுமா என்று ஒரு கேள்வி வரும். யோசிக்காமல் சரி என்றால், இதுவரை வங்கிக் கணக்கில் விழுந்த ஆயிரம் ரூபாய் அடுத்த மாதம் அங்கே விழாது. பணம் தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆனால் அது தெரியாமல் கல்லூரி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடந்து தேய்வார்கள். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்; சந்தேகம் வந்தால் மை ஆதார் தளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பக்கத்தில் எந்த வங்கி பெயர் வருகிறது என்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும்.

ஆர்.டி. கற்றுத் தராத பாடங்களும் நிறைய. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ் எதையும் அது தொடாது. அதற்குக் காசு கொடுத்து ஆன்லைன் கோர்ஸ் வாங்குவதற்கு முன்னால், இலவசமாகக் கிடைப்பதை முடித்துவிடுங்கள். கல்லூரி மாணவர்களுக்கென்றே என்.சி.எஃப்.இ. எனும் தேசிய நிதிக் கல்வி மையம் 'ஃபேக்ட்' என்ற பயிற்சியை நடத்துகிறது. ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி உள்ளிட்ட நான்கு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து நிறுவிய மையம் அது. செபிக்காக என்.ஐ.எஸ்.எம். எனும் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம் நடத்தும் முதலீட்டாளர் சான்றிதழ்த் தேர்வுக்கும் கட்டணம் இல்லை. ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட 'பி அவேர்' கையேடு மோசடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. கடன் ஆப் இன்ஸ்டால் செய்யும் முன் படிக்க வேண்டியது அதுதான். பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்தாலும் போதும்.

ஏற்கெனவே முதலாமாண்டு, இரண்டாமாண்டு முடித்துவிட்டவர் இதில் சேரலாமா என்றால், வேலைக்குப் போன பிறகும் கட்டும் எண்ணம் இருந்தால் தாராளமாக. இல்லையென்றால் சீசன் பணத்தில் 1,000 ரூபாயில் தொடங்கும் போஸ்ட் ஆபீஸ் ஒரு வருஷ டெபாசிட் போடுங்கள். 6.9 சதவீதத்தில் பத்தாயிரத்துக்கு வருஷ முடிவில் 708 ரூபாய் வட்டி. அதுவும் ஆறு மாதத்துக்கு முன்னால் கையில் வராது. வயநாடு போகிறவர்கள் அதுவரை காத்திருக்கட்டும்.